காய்ச்சல் விட்ட ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நான் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினேன். நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் சபையில், கடவுள் தமக்குச் செய்ததை எழுந்து சாட்சியாகச் சொல்லும் வேளை பத்தரைக்குத் தொடங்கும். எனக்கு முன்னால் ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததற்காக நன்றி சொல்லி முடித்திருந்தார். மூன்று நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்பதற்காகப் பின்சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு, என் மகளுக்குக் கொசுக்கடியால் வந்த டிங்கிக் காய்ச்சல் அன்று காலை ஆறு மணிக்கு விட்டுவிட்டது என்று சொன்னேன். எல்லாம் தவறிப் போகத் தொடங்கியது அப்போதுதான். ஆறு மணிக்கே தொடங்கிவிட்டது என்று மருத்துவர் பிறகு சொன்னார். அவர் சொன்னது நோயின் நேரம். என் நேரம் பத்து நாற்பது.

சபையில் இறையியல் அறிமுக வகுப்பை மறுபடி தொடங்கப் போகிறார்கள். பல ஆண்டுகள் அதை நடத்திய டிரஸர் ஐயா போன மழைக்காலத்தில் காலமாகிவிட்டார். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தில் பழைய மாணவர் யாராவது அவரைப் பற்றி எழுதட்டும் என்று குழுவில் பேசி, என்னைக் கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்றார் செயலாளர். நல்லதாக நாலு வார்த்தை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் போய் நின்றேன். அதனால் அதையே எழுதுகிறேன். சிறு புத்தகத்துக்கு ஒத்துவராது என்றால் அவர்கள் விட்டுவிடட்டும்.

டிரஸர் என்பது அவருடைய பெயரல்ல, வேலை. சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவர். டாக்டர் மாதத்தில் ஒரு நாள் வந்து போவார். மற்ற நாட்களில் புண்ணுக்கு மருந்து கட்டுவது, ஊசி போடுவது, பிரசவ வலி கண்டவளுக்கு வண்டி வரவழைப்பது எல்லாம் டிரஸர்தான். மரங்களை வெட்டிவிட்டு அங்கே வீடமைப்புப் பகுதி வந்தபோது அவரும் மனைவியும், எங்கள் சபையும் விமான நிலையமும் இருக்கும் செனாய்க்குக் குடிவந்தார்கள். தோட்டத்தில் இருந்த காலத்திலேயே அஞ்சல் வழியாக இறையியல் படித்திருந்தார். குட்டையான மனிதர். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதைவிட விரல் நகங்களைத்தான் அதிகம் பார்ப்பார். தோட்டத்துப் பெண்களுக்கு ரத்தம் குறைந்திருப்பதை நகத்தில் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். என்னிடமும் முதல் நாள் பேர் கேட்பதற்கு முன்னால், "சரியா சாப்பிடுறது இல்லியாம்மா?" என்றுதான் கேட்டார்.

நான் பிறப்பால் கிறிஸ்தவள் அல்ல. லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் ஆண்டுதோறும் காவடி எடுப்பார்கள். திருமணத்துக்குப் பிறகுதான் ஞானஸ்நானம் பெற்றேன். கணவர் வீட்டார் மூன்று தலைமுறையாகச் சபையில் இருப்பவர்கள். ஆராதனையில் எந்த இடத்தில் எழ வேண்டும், எந்தப் பாட்டுக்குப் புத்தகம் திறக்காமல் பாட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தானாக வரும். நானோ பதினைந்து ஆண்டு கழிந்தும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுத்தான் எழுவேன். வேலையில் நான் அப்படியில்லை. தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் மேற்பார்வையாளர். எந்தப் பொருளையும் மூன்று முறை பார்க்காமல் சரி என்று கையெழுத்துப் போட மாட்டேன். சபையிலும் அப்படி ஒரு நிச்சயத்தோடு உட்கார வேண்டும் என்ற ஆசையில்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு, ஆராதனை முடிந்த பிறகு, சிறுவர்களின் ஞாயிறு பள்ளி அறையில் நடக்கும். நாற்காலிகளும் சிறுவர்களுடையவைதான். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். விமானம் தாழப் பறந்து இறங்கும் சத்தம் வந்தால் டிரஸர் ஐயா பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். நாங்கள் பதினொரு பேர். அதில் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். முதல் நாளே கையைத் தூக்கினார்.

"ஐயா, பரீட்ச இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லோட் ஏத்தப் போயிர்றேன்."

"இருக்கு. ஆனா நான் வைக்க மாட்டேன்" என்றார் டிரஸர் ஐயா. "அது தானா வரும்."

அன்று அவர் எங்களுக்கு ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்தார். கடவுள் யார் என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். சபையில் கேட்ட சொல் ஒன்றுகூட அதில் வரக் கூடாது. எளிது என்று நினைத்துப் பேனாவை எடுத்தவர்கள் எல்லோரும் பத்து நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறையியல் படிக்க வருகிறவர்களுக்கு முதலில் தெரியவருவது இதுதான். கடவுளைப் பற்றி நாம் பேசுவதில் பெரும்பகுதி பிறர் பேசியது. அது குற்றமல்ல, மொழியே பிறரிடமிருந்து வந்ததுதானே. ஆனால் எது கேட்டது, எது நாமே பட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், கேட்டதையெல்லாம் பட்டதாகச் சொல்லத் தொடங்கிவிடுவோம். நான் கடைசியில், "என் பிள்ளையைக் காப்பவர்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"காப்பவர்ங்கறது சபையில கேட்டது. என் பிள்ளைங்கறது மட்டும்தான் உங்களுது. அதுலேருந்து ஆரம்பிங்க."

இரண்டாம் வாரம் அவர் தம் முறையைச் சொன்னார். "மாத்திர குடுக்கறதுக்கு முந்தி மூணு கேள்வி. யாருக்கு? எப்பத்திலேருந்து? எங்க வலி? இதக் கேக்காம குடுத்தா நான் டிரஸர் இல்ல, முட்டாய்க்காரன். வேதத்தையும் இப்படித்தான் கேக்கணும்." ஒரு வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது, எந்தக் காலத்தில் சொல்லப்பட்டது, அதைக் கேட்டவர்களுக்கு அப்போது எங்கே வலித்தது. இந்த மூன்றையும் கேட்ட பிறகே, இது எனக்கு என்ன சொல்கிறது என்ற நான்காம் கேள்விக்குப் போகலாம். பெரிய கல்லூரிகளில் இதற்குப் பெரிய பெயர்கள் இருக்கின்றன என்றும், பெயர்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நான் அந்த மூன்றையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம்தான் சங்கடம் வந்தது. எங்கள் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் ஒரு வழக்கம் உண்டு. வாக்குத்தத்த அட்டைகளை ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வசனம். வரிசையில் போய்க் கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். அந்த ஆண்டு முழுவதற்கும் கடவுள் நமக்குச் சொன்னது அது. வீட்டில் ஒட்டிவைப்பார்கள், கைப்பையில் வைத்துக்கொள்வார்கள். அந்த அட்டைகளைத்தான் டிரஸர் ஐயா வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னார்.

லோரி அண்ணன் தம் அட்டையை நீட்டினார். "என் கார்டுல ஆடு மாடு பெருகும்னு போட்டிருக்கு ஐயா. எங்க வீட்டுல பூனதான் பெருகுது. ஏழாச்சு." எல்லோரும் சிரித்தோம். யாருக்கு, எப்போது என்று டிரஸர் ஐயா கேட்க, அண்ணன் பக்கத்தைத் தேடிப் படித்து, அது ஊரை இழந்து போன ஒரு கூட்டத்துக்குச் சொன்னது என்று கண்டுபிடித்துத் தாமே வியந்துபோனார். "அப்ப இது அவங்க வலிக்கு மருந்து. நான் பூனய எண்ணிக்கிட்டு இருக்கேன்."

பிறகு என் முறை. என் அட்டையில் இருந்தது, எந்த வாதையும் உன் வீட்டை அணுகாது என்ற பொருளில் ஒரு பழைய பாட்டின் வரி. யாருக்கு என்று கேட்டார். தெரியவில்லை. எப்போது என்றார். தெரியவில்லை. அதே பாட்டின் அடுத்த வரிகள் வேதத்தில் வேறோர் இடத்திலும் வருகின்றன என்று சொல்லி, அந்த இடத்தை என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். சோதனைக்காரனான சாத்தான், ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்துப் பார் என்று இயேசுவைத் தூண்டும்போது எடுத்து நீட்டுவது அந்தப் பாட்டைத்தான்.

"பாட்டுல தப்பில்லம்மா" என்றார் அவர். "நடுங்கிக்கிட்டு இருந்த ஒருத்தன் கடவுள்கிட்ட ஒண்டிக்கறதுக்குப் பாடினது. அதையே எடுத்து, நீ குதி, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீட்டலாம். யாரு நீட்டுறா, எதுக்கு நீட்டுறான்னு பாக்கணும்."

அலமாக், ஐயையோ, சிஸ்டர் கார்டுக்கு வந்த கதியைப் பாருங்கள் என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு. அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எனக்குக் காது சுட்டது. இந்தச் சபையில் எனக்கென்று கிடைத்த ஒன்றை எல்லோர் முன்னாலும் பிடுங்கிச் சாத்தான் கையில் கொடுத்துவிட்டார் என்று தோன்றியது. வீட்டுக்குப் போனதும் அந்த அட்டையைக் குளிர்ப்பெட்டியின் கதவில் காந்தத்தால் அழுத்தி ஒட்டினேன். கணவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தது அதற்கு அடுத்த வாரம், புதன்கிழமை. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வெள்ளிக்கிழமை கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து டிங்கி என்றார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் தினமும் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும், கிளினிக் பூட்டியிருக்கும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி, ஒரு மடித்த தாளில் ஆபத்தின் அறிகுறிகளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். வயிற்று வலி, விடாத வாந்தி, கைகால் குளிர்ந்து போவது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் அதிகக் கவனம் தேவை என்று கடைசி வரியில் இருந்தது. பிறகு பார்த்தேன், இருந்தது. சனிக்கிழமை ரத்தம் எடுத்துவந்தோம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறு புள்ளி எட்டு. சமையலறைக்குப் போய் அந்த அட்டையின் முன்னால் நின்று அழுதேன். அந்த அழுகையில் நன்றி இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. வென்றுவிட்டேன் என்ற எண்ணம்.

காய்ச்சல் போய்விட்டதால் அன்றைக்கு ரத்தம் பார்க்கப் போகவில்லை. கணவர் கேட்டார், "எதுக்கும் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துருவோமா?" அவர் வாரம் முழுவதும் விடியுமுன் கிளம்பிப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. "விட்டுருச்சுங்க. பிள்ள தூங்கட்டும். நீங்க பக்கத்துல இருங்க, நான் மட்டும் போய்ச் சாட்சி சொல்லிட்டு வந்துர்றேன்" என்றேன்.

சாட்சியில் நான் சொன்ன ஒரு வரியை இங்கே மறைக்க விரும்பவில்லை. "இந்த வார்த்தை நமக்குச் சொன்னது இல்லைன்னு சிலர் சொல்லுவாங்க. ஆனா என் வீட்டுல அது நடந்துச்சு." சொல்லும்போது சன்னலோரத்தில் இருந்த டிரஸர் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சபை கைதட்டி அல்லேலூயா என்று முழங்கியது. பதினைந்து ஆண்டில் முதன்முறையாக அந்த இடம் என்னுடையது என்று உணர்ந்தேன். அந்த உணர்வு பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அதை நினைக்கப் பயமாக இருக்கிறது.

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் அவர் என்னிடம் வந்தார்.

"பாப்பா எங்கம்மா?"

"வீட்டுல தூங்குறா ஐயா."

"எப்ப விட்டுச்சு?"

"காலைல ஆறு மணிக்கு."

"சாப்பிட்டாளா?"

"வேணாம்னுட்டா. வயிறு ஒரு மாதிரி இருக்குன்னா. அஞ்சு நாளா படுத்தே கெடந்தவ இல்லையா."

கையில் கோப்பையோடு நின்றார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் லோரி அண்ணன் வந்து, "சிஸ்டர், உங்க கார்டு ஜெயிச்சிருச்சு லா! எனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடுங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தபோது டிரஸர் ஐயா வகுப்பறைக்குள் போய்க்கொண்டிருந்தார். தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வென்றவளாக அந்தச் சின்ன நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்றிருந்தது. அன்றைய பாடம், எல்லாம் வல்லவர் என்று கடவுளைச் சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பது. பாடம் ஓடவில்லை. விமானச் சத்தம் இல்லாதபோதும் அவர் பேச்சு இரண்டு முறை நின்றது. இருபது நிமிடம் மீதி இருக்கும்போதே குறிப்பை மூடிவிட்டார். "வீட்டுக்குப் போங்க. போய் அவங்கவங்க பிள்ளைங்களப் பாருங்க." பாடத்தின் முடிவுரை என்று எண்ணி அதையும் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டை அடைந்தபோது மணி ஒன்றாகப் பத்து நிமிடம். மகள் குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கணவர் அவளைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார். "காய்ச்சல் இல்லையே, தூங்கட்டும்னு விட்டேன். இப்பதான் வாந்தின்னு எழுந்தா" என்றார். அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்தது போல் இருந்தது. "அம்மா, எனக்கு எதுவும் சரியாத் தெரியல" என்றாள். காருக்குள் அவள் தலை என் மடியில் இருந்தது. நெடுஞ்சாலை முழுவதும் நான் ஜெபிக்க முயன்றேன். சபையில் கேட்ட சொற்களை எடுத்துவிட்டால் என்னிடம் மிஞ்சியது அவள் பெயர் மட்டும்தான். அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் இளம் மலாய்ப் பெண். மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடியே என்னிடம் கேட்டார், "பிலா டெமாம் ஹிலாங், புவான்?" காய்ச்சல் எப்போது போனது. காலை ஆறு மணி என்று உடனே சொன்னேன். இருநூறு பேர் முன்னால் சொன்ன நேரம், தவறுமா? அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. டிங்கியில் காய்ச்சல் விடுவது குணமல்ல, சிலருக்கு ஆபத்தே அப்போதுதான் தொடங்கும், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடம்புக்குள் ஒழுகும், ரத்த அழுத்தம் விழுந்துவிடும் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொல்ல நேரமில்லாமல் உள்ளே போனார். என் மகள் நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். முதல் இரண்டு நாள் யாரும் எனக்கு எந்த உறுதியும் தரவில்லை.

அவள் பிழைத்தாள். இப்போது பதினைந்து வயது. அறையைப் பூட்டிக்கொண்டு தோழிகளோடு பேசுகிறாள், துடுக்காகப் பதில் சொல்கிறாள். மற்ற தாய்மார்கள் பிள்ளையின் உடம்பு சுட்டால் பதறுவார்கள். நான், நெற்றி குளிர்ந்திருந்தால் பதறுகிறேன். நல்ல உடம்போடு படிக்கும் பெண்ணின் நெற்றியைப் போகிறபோக்கில் தொட்டுப் பார்க்கிறேன். "அம்மா, ப்ளீஸ் லா. நான் உயிரோடதான் இருக்கேன்" என்கிறாள். சிரிப்பதற்காகத்தான் சொல்கிறாள். சாட்சி வேளையில் யாராவது ஒலிவாங்கியை வாங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஆனால் டிரஸர் ஐயாவின் வகுப்புக்கு மட்டும் அவர் நடத்திய கடைசி நாள்வரை போனேன்.

அந்த நான்கு நாளும் சபையார் வந்துகொண்டே இருந்தார்கள். பார்வையாளர் நேரத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். "நீங்க சாட்சி சொன்னீங்க இல்ல, அதான் பிசாசு தாக்குறான்" என்றார் ஒருவர். "விசுவாசத்த விட்டுராதீங்க, அட்டைய கையில புடிச்சிக்கங்க" என்றார் இன்னொருவர். வீட்டில் மறைவான பாவம் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள் என்று ஒரு அம்மா என் காதோரம் சொன்னார். எல்லோரும் என்மேல் அன்புள்ளவர்கள். எல்லோரும் மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கு, எப்போதிலிருந்து, எங்கே வலி என்று ஒருவரும் கேட்கவில்லை. லோரி அண்ணன் மட்டும் ஒரு தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "நாசி லெமாக் சிஸ்டர். சம்பல்ல காரம் இல்ல" என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கடவுளைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் எல்லோரும் இறையியல் வகுப்புக்கு வருகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். கடவுளைப் பற்றி நாம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் யாராவது ஒருவர் மேல் போய் விழுகிறது என்பதை அந்த நாற்காலியில்தான் கற்றுக்கொண்டேன். என் வாக்கியம் என் மகள்மேல் விழுந்தது. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு வேறு எதுவும் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பேசுவதற்கு முன்னால், இது யார்மேல் விழும் என்று பாருங்கள். பேசாமல் இருப்பதற்கு முன்னாலும் பாருங்கள்.

டிரஸர் ஐயா வரவில்லை. நான் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. மின்தூக்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் அவராக இருக்குமோ என்று நிமிர்வேன். அன்றே சொன்னேனே என்று அவர் சொல்வார், அதற்கு நான் என்ன பதில் சொல்வது என்று திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தேன். ஒரு நாள் கெஞ்சுவேன், ஒரு நாள் சண்டை போடுவேன். மூன்றாம் நாள் அவர் வராததே எனக்குத் தண்டனை என்று தோன்றியது. எல்லாக் குற்றமும் என்னுடையது, அதை எனக்குச் சொல்லக்கூட அவர் மெனக்கெடவில்லை. ஐந்தாம் நாள் மகளைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். கஞ்சி குடித்தாள். தலைமுடி அழுக்காயிருக்கிறது என்று என்னைத் திட்டினாள்.

ஆறாம் நாள், மத்தியானப் பார்வையாளர் நேரத்தில், அவர் வந்தார். தனியாக வந்தார். கையில் வேதப் புத்தகம் இல்லை, பழம் இல்லை. ஒரு வாரத்தில் முகம் சுருங்கியிருந்தது. எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நேரே கட்டிலருகே போய், சொட்டு இறங்கும் குழாயைப் பார்த்தார், மகளின் விரல் நகங்களைப் பார்த்தார், பிறகு முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஜெபம் பண்ணப் போறீங்களா தாத்தா?" என்றாள் மகள். "காலைலேருந்து மூணு பேரு பண்ணிட்டாங்க."

"இல்ல பாப்பா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்கம்மாவும் கேக்கட்டும்."

அவள் தலையணையில் சற்று நிமிர்ந்தாள். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"டிங்கியில காய்ச்சல் விட்டா அப்பதான் ஆபத்து. இது எனக்குத் தெரியும். தோட்டத்துல ரெண்டு பிள்ளைங்கள நான் அப்படிப் பறிகொடுத்திருக்கேன். காய்ச்சல் விட்டுருச்சுன்னு உங்கம்மா சபையில சொன்னாங்க இல்ல, அப்பவே எனக்குத் தெரியும். வெளிய வந்து கேட்டேன், வயிறு சரியில்லன்னாங்க. அப்ப இன்னும் நல்லாத் தெரிஞ்சு போச்சு. பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்மான்னு ஒரு வார்த்த நான் சொல்லல."

நான் ஆறு நாளாக ஒத்திகை பார்த்த பதில்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. மகள்தான் கேட்டாள்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் தாத்தா சொல்லல?"

அவர் அவளுடைய விரல் நகங்களை மறுபடி பார்த்தார்.

"கார்டு விஷயத்துல உங்கம்மாகிட்ட நான் வாதாடியிருந்தேன். இப்ப எழுந்து சொன்னா, என் பக்கம் ஜெயிக்கணும்னு சொல்றேன்னு எல்லாரும் நெனப்பாங்கன்னு உக்காந்துட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க பாப்பா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "நானும் தட்டினேன்."